கடைசிச் சொல்லுக்கு வந்தவர்

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் வாசிகசாலை உள்ள எந்த ஊரில் இறங்கினாலும் இவரைக் காணலாம். இவர் இலக்கிய ஆய்வாளர். ஆனால் உயிரோடிருக்கும் எழுத்தாளன் மேல் இவருக்கு அக்கறையில்லை. நல்ல சுகத்தோடு உங்கள் கவிதைத் தொகுதியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அட்டையைத் தடவுவார், பின்பக்கம் திருப்புவார், "ஆறுதலாப் பார்ப்பம்" என்பார். கொஞ்சம் இருமிப் பாருங்கள்! உடனே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எவ்வளவு நாளா இந்த இருமல்?" என்று கேட்பார். இருமல் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறது என்றால் முதல் பக்கத்தை வாசித்தும் விடுவார்.

எங்கள் ஷரிபுதீன் மாஸ்டர் இந்த வகையில் முதல்தரம். பிளேன்ரீக்குச் சீனி போதாவிட்டால்கூட அதை 'இன்மையின் துயரம்' என்றுதான் சொல்வார். மனிதனின் உண்மையான அடையாளம் அவன் கடைசியாகப் பேசும் சொல்லில்தான் இருக்கிறது என்பது அவருடைய கொள்கை. 'மொழி, மரணம், மனித அடையாளம்' என்று ஒரு கட்டுரை, முன்னுரை முதல் முடிவுரை வரை எழுதியாகிவிட்டது. ஒரு கவிஞனின் கடைசிச் சொல் மட்டும்தான் பாக்கி. ஊரில் கவிஞர்களுக்குப் பஞ்சமில்லை, ஒருத்தரும் சாகிறார்களில்லை. மனுஷன் என்னதான் செய்வார்?

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு அடுத்த வருஷம், நிந்தவூரில் வயல் செய்துகொண்டே கவி எழுதிய அச்சிமுகம்மது கடும் காய்ச்சலில் படுக்கையில் விழுந்தார். மூச்சு இழுக்கிறது என்று கேள்விப்பட்டதும் மாஸ்டர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டார், பஸ்ஸைப் பிடித்தார், வந்துவிட்டார். கவிஞரின் பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் அங்கே இருந்தேன்.

கவிஞரின் மனைவி ஹாஜறா உம்மாவுக்கு ஒரே ஒரு கவலை. புருஷனுடைய நாவில் கடைசியாக, இறைவன் ஒருவனே என்று சொல்லும் கலிமாதான் இருக்க வேண்டும். வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதானே: தலைமாட்டிலிருந்து மெல்லக் கலிமாவைச் சொல்லிக் கொடுப்பார்கள், நோயாளி சொல்லிவிட்டால் பிறகு யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், வேறு கதை வாயில் வந்துவிட்டால் மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும். பள்ளிவாசல் முகைதீன்பாவா லெவ்வை சொல்லிக் கொடுத்தார். கவிஞர் தெளிவாகச் சொன்னார், கண்ணை மூடினார். ஹாஜறா உம்மா முக்காட்டால் முகத்தைத் துடைத்தார். வீட்டில் ஒரு சத்தமில்லை.

"கவிஞரே," என்று காதருகே குனிந்தார் மாஸ்டர். "மரணத்தின் வாசலில் மொழி உங்களுக்கு என்ன?"

கவிஞர் ஒரு கண்ணைத் திறந்தார். "ஆரது?"

"போச்சு!" என்றார் லெவ்வை. "கதைச்சிட்டாரு. திரும்பச் செல்லிக் குடுக்கணும்."

"மாஸ்டர், வாயக் கொஞ்சம் பொத்துங்க!" என்று ஹாஜறா உம்மா கதவோரத்திலிருந்து சீறினார். "என்ட மனிசன்ட ஆகிறம், மறுமை எல்லாம் ஒங்கட கட்டுரைக்கா?"

லெவ்வை திரும்பச் சொல்லிக் கொடுத்தார். கவிஞர் திரும்பச் சொன்னார். கண் மூடியது. மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளுமா?

"'வாய்க்கால் வத்தினா வீட்ட போவன்' எண்டு எழுதினீங்களே, அந்த வாய்க்கால் மொழிதானே? வீடு எண்டது நம்மளப் பொதைக்கிற கப்றுதானே? ஓம், அதுதான் எண்டு மட்டும் செல்லுங்க, போதும்."

இரண்டு கண்களும் திறந்தன.

"கப்றா? என்ன கதை இது! தண்ணி தொறக்கிற வட்டவிதானை என்ட வயலுக்குத் தராம மறிச்சிட்டான். அவனுக்கு ஏசி எழுதின கவி அது! வீடு எண்டா, நான் சோறு தின்னப் போன இந்த வீடு!"

"அப்பிடி மேலோட்டமாப் பார்க்கப்படாது..."

"ஆர்ர கவி? என்டயா, ஒங்கடயா? ஹாஜறா, என்னத் தூக்கி இருத்து!"

தலையணையை முட்டுக் கொடுத்து இருத்தினார்கள். இருந்தவர் வாதாடினார். வாதாடியதில் வியர்த்தது, வியர்த்ததில் காய்ச்சல் இறங்கியது, காய்ச்சல் இறங்கியதில் பசித்தது. கஞ்சி கேட்டார். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாட்டுச் சம்பல் கேட்டார்! லெவ்வை தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, "அசறுத் தொழுகைக்குப் பொறகு வாறன்" என்று எழும்பினார். வரத் தேவைப்படவில்லை.

ஹாஜறா உம்மா அழுதார், சிரித்தார், ஏசிய அதே மாஸ்டருக்கு முட்டைக்கோப்பி அடித்துக் கொடுத்தார். "ஒங்களாலதான் மாஸ்டர் என்ட மனிசன் எழும்பினாரு. அல்லாஹ் ஒங்களுக்கு நீண்ட ஆயுளத் தரணும்!"

மாஸ்டரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாவு நடந்த மையத்து வீட்டில்கூட அப்படியொரு முகத்தை நான் கண்டதில்லை. போகும்போது என் கையைப் பிடித்து, "கட்டுரை பாழாப் போச்சு தம்பி" என்றார். அழாத குறைதான்.

அச்சிமுகம்மது அதன்பிறகு எத்தனையோ போகம் வெள்ளாமை வெட்டினார். மாஸ்டரைக் கண்ட சந்தியிலெல்லாம் மறித்து வைத்து அந்தக் கவிக்கு விளக்கமும் சொன்னார். உயிரோடிருக்கும் கவிஞன் இப்படித்தான். ஆய்வுக்கு உதவவே மாட்டான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்றை மெய்யாகச் சொல்லுங்கள். கவிஞர் கஞ்சி கேட்ட இடத்தில் உங்கள் மனம் குளிர்ந்ததா? இல்லை, 'அட, கடைசியாக என்ன சொல்லப்போகிறார் என்றல்லவா காத்திருந்தோம்' என்று ஒரு சின்ன ஏமாற்றம் எட்டிப் பார்த்ததா? எட்டிப் பார்த்திருந்தால் ஒரு தயவு: நேற்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் இருமல். சுகம் விசாரிக்க வந்துவிடாதீர்கள்.