கொக்கை எப்போது அழைத்துப்போகிறாய், அக்கா?

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. பகலில் பேனாவைத் தொட்டால் பாப்பா பிடுங்கிக்கொள்கிறாள். இப்போதுதான் இரண்டு பேரையும் தூங்கவைத்தேன். இரண்டு பேர் என்றால் பாப்பாவும் அவளும். நீயும் அத்தானும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

அவள் என்றால் கொக்கு. கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்தவள். கழுத்தைப் பார்த்து அந்தப் பெயரை வைத்ததே நீதான். போன மாதம் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. கட்டினவன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான், பார்த்துக்கொள்ள நாதியில்லை. பெண்கள் ஜெபக்கூட்டத்தில் பாஸ்டரம்மா, இவளைக் கொஞ்ச நாள் யாராவது வீட்டில் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். யாருக்கும் சங்கடம் வரக்கூடாதென்று, எங்கள் சபை வழக்கப்படி, எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, மனமுள்ளவர்கள் மட்டும் சத்தமில்லாமல் கையைத் தூக்கும்படி சொன்னார். நானும் கண்ணை மூடி, பெரிய வீடு இருக்கிற யாரையாவது ஏவும் ஆண்டவரே என்று உண்மையாகவே ஜெபித்தேன். அந்த நேரம் பார்த்துத் தோளில் கிடந்த பாப்பா என் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். பிடியை விடுவிக்கக் கையைத் தூக்கினேன். "ஸ்தோத்திரம்! ஒரு கை உயர்ந்திருக்கு!" என்று பாஸ்டரம்மா தழுதழுக்கிறார். கண்ணைத் திறந்தால் எதிரே கொக்கு, மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டையோடு. "நீதான் தூக்குவேன்னு எனக்குத் தெரியும்டி" என்கிறாள். அதற்கப்புறம் முடிச் சமாசாரத்தை எந்த வாயால் சொல்வது?

எங்களுக்கு இருப்பதே ஒரு படுக்கையறை, அதை அவளுக்குக் கொடுத்தாயிற்று. பாட்டில் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து வரும் இவருக்குப் பகலில் தூங்க இடமில்லை. முன்னறையில் படுத்தால் பாப்பா வயிற்றின் மேல் ஏறி நடக்கிறாள். சமையலறையில் படுத்தால் தலை அடுப்புக்குக் கீழே, கால் குளியலறையில். கடைசியில் மனிதர் சர்ச்சுக்குப் போய், பின்வரிசையில் முழங்காலில் நின்றபடியே முன் பெஞ்சில் தலையைச் சாய்த்துத் தூங்க ஆரம்பித்தார். தினமும் வந்து தலைகுனிந்து கிடப்பவரைப் பார்த்து பாஸ்டர் உருகிப்போய், ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, "ஜெபிச்சா இவரை மாதிரி ஜெபிக்கணும்"னு சொல்லி, மத்தியான ஜெபத்தை நடத்தும் பொறுப்பையும் தலையில் கட்டிவிட்டார். இருந்த ஒரு இடமும் போச்சு. நேற்று ஜெபத்துக்கு நடுவிலேயே குறட்டை விட்டிருக்கிறார். சபையார் அதை ஆவி இறங்கிப் பேசும் அந்நிய பாஷை என்று நினைத்து ஆமென் சொன்னார்களாம்.

இவளாவது ஒழுங்காக இருக்கிறாளா என்றால், ஜன்னலைத் திற என்பாள், திறந்தால் குளிருது என்பாள். வாந்தி பக்கெட்டைக் கழுவி, போர்வையைத் துவைத்து, என் உள்ளங்கை உரிந்துவிட்டது. கட்டிலில் படுத்துக்கொண்டே, "துணி பிழியற லட்சணமா இது? இதுக்குத்தான் ஹோம் சயின்ஸ் படிச்சியா?" என்று நக்கல் வேறு. பதிலுக்கு நானும் நன்றாகத் திட்டுகிறேன். திட்டிவிட்டு ஜெபிக்கிறேன். வேறென்ன செய்ய.

இதுவரை எழுதியது எல்லாம் பெரிசில்லை, அக்கா. போன வாரம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"ஃப்ரெண்டு."

"சொந்தக்காரங்க யாரும் வரலையா?"

"யாரும் இல்லை டாக்டர்."

"அப்ப உங்ககிட்டதான் சொல்லணும்."

வயிற்றுப் புற்று ஈரலுக்கும் பரவிவிட்டதாம். இனி மருந்து ஏற்றிப் பயனில்லையாம், வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதுமாம். வெளியே வந்ததும் கொக்கு, "என்னடி சொன்னாரு?" என்றாள். நல்லா சாப்பிடச் சொன்னார் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தொண்டையில் இறங்காததை எல்லாம் எனக்காக விழுங்குகிறாள், அப்புறம் எனக்குத் தெரியாமல் போய் வாந்தி எடுக்கிறாள். பாப்பா இப்போது காலையில் எழுந்தால் என்னிடம் வருவதில்லை. தத்தித் தத்தி அவள் கட்டிலுக்குப் போய், மூடியிருக்கிற கையை விரல் விரலாகப் பிரித்து விளையாடுகிறாள். ஒருநாள் காலையில் அந்தக் கை விறைத்துக் கிடந்தால்? பாப்பாவுக்கு நான் என்ன சொல்வேன்?

உன் வீட்டு மாடி அறை சும்மாதானே கிடக்கிறது. இந்த வாரமே வந்து அவளை அழைத்துப்போய்விடு. காற்று மாறினால் தேவலையாகும் என்று அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைக்காதே. அன்பு காட்ட எத்தனை அறை வேண்டும் என்று பாஸ்டரைக் கேட்க நினைத்தேன், தைரியம் வரவில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல். ஆண்டவருடைய கை உங்கள் வீட்டு மேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: மேலே கேட்டதை மறந்துவிடு. தண்ணீர் கொடுக்க உள்ளே போனேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பை. ஒரு காலில்தான் செருப்பு, இன்னொரு காலில் வீக்கத்தால் நுழையவில்லை.

"எங்கடி கிளம்பிட்ட?"

"உங்க அக்கா வீட்டுக்கு. காத்து மாறட்டும்."

"யாருடி சொன்னா?"

"நீதான். எழுதறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதானே எழுதுவ? பரீட்சையில உன் பின்னால உக்காந்து நான் பாஸானதே அப்படித்தான்."

எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், அக்கா. டாக்டர் சொன்னதையும். தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன். அவளே, "விடுடி. இனிமேலாவது பசியெடுக்கும்னு நீ ஊத்துற அந்தக் கசப்பு மருந்தை நிறுத்து" என்று சிரித்தாள். அப்புறம் பையின் வாரைத் திருகிக்கொண்டே, "உங்க அக்கா ரொம்ப நல்லவ. அவகிட்ட எப்படிடி நான் சண்டை போடுறது?" என்றாள்.

செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். இதை வாயை இறுக்கி மூடிக்கொண்டு எழுதுகிறேன். அவளை அழைத்துப்போக வராதே. எங்களோடு இருக்க நீ வா. எங்கே படுப்பாய் என்று எனக்குத் தெரியாது. சீக்கிரம் பதில் எழுது.