பத்துப் பிடி உப்பின் சதவீதம்

என் நுரைக்காரருக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதிக்கொள்வது. இங்கே நானும், பக்கத்து வீட்டில் உங்கள் தங்கச்சியும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை இனிமேல் கேட்பது முறையா என்று தெரியவில்லை. ஆனால் கடிதம் என்றால் கேட்டே ஆகவேண்டும் என்று மூன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் போகவில்லை, உங்களுக்குத்தான் தெரியுமே.

நீங்கள் போய் இரண்டு மாதமாகிறது. பாத்திரம் கழுவுகிற சோப்பை நானேதான் கலக்குகிறேன். நீங்க சொன்னதுல ஒண்ணும் மாத்தலை. டிரம்முல கோடு வரைக்கும் தண்ணி, ரெண்டு வாளி நுரைப்பசை, பத்துப் பிடி கல்லுப்பு, கடைசியா வாசனையும் கலரும். அப்படியிருக்க, போன வாரம் கேன்டீன் சூப்பர்வைசர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"ஏம்மா, அவர் இருந்தப்ப சோப்பு தேன் மாதிரி இறங்கும். இப்ப கண்ணீர் மாதிரி ஓடுது. தண்ணி சேக்குறீங்களா?"

"நான் அழுதது நிஜந்தாங்க. ஆனா டிரம்முக்குள்ள அழல."

அவர் சிரிக்கவில்லை. "நூறு கிலோவுல எது எத்தனை கிலோன்னு எடை போட்டு எழுதிக் குடுங்க. சோப்பும் பழையபடி வரணும். இல்லேன்னா இதோட நிறுத்திக்கலாம்" என்றுவிட்டுப் போனார். புருஷன் போனதும் பொண்டாட்டி ஏமாத்துறாள்னு ஊரே சொல்லுமே, இத்தனை வருஷம் நீங்க காப்பாத்தின பேர் என் கையால போகுமேன்னு உடனே தராசை எடுத்தேன். வாளியைத் தனியாக நிறுத்துக் கழித்தேன், அந்த விவரமெல்லாம் எனக்கு உண்டு. தண்ணி நாப்பது கிலோ, பசை எட்டு, உப்பு எண்ணூறு கிராம், வாசனையும் கலரும் முக்கால் கிலோ. டிரம்முல தண்ணிதானே ஜாஸ்தி, அதனால எல்லாத்தையும் தண்ணியாலயே வகுத்தேன். தண்ணி நூறு, பசை இருபது, உப்பு ரெண்டு, மத்தது ரெண்டுக்குக் கொஞ்சம் குறைச்சல்.

உங்கள் தங்கச்சி தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள்.

"அண்ணி, நூத்துக்கு நூத்தி இருபத்துநாலா! எங்க அண்ணன்கூட இவ்வளவு தாராளம் கிடையாது. டிரம்முல இருக்கிற எல்லாத்தையும் கூட்டி, அந்த மொத்தத்தால வகுங்க."

வகுத்தேன். நூறு வந்தது. ஆனால் சோப்பு கண்ணீராகவேதான் இருந்தது.

"உப்பு குறைஞ்சாத்தானே சோப்பு நீர்த்துப்போகும்? அண்ணன் இருந்தப்ப ஒரு மூட்டை எத்தனை கலவைக்கு வரும்?"

"இருபது."

"உங்களுக்கு?"

"முப்பத்தொண்ணு" என்றேன், பெருமையாக. இத்தனை நாளும் அது என் சிக்கனம் என்றே நினைத்திருந்தேன்.

"சிக்கனமா! உங்க கை சின்னக் கை, அண்ணி!"

இருபத்தைந்து கிலோ மூட்டையை இருபதால் வகுத்தால் ஒன்றேகால் கிலோ. அப்படியானால் உங்கள் ஒரு பிடி என்னுடைய ஒன்றரைப் பிடிக்கும் மேலே. ஒன்றேகால் கிலோவை நிறுத்துப் போட்டுக் கலக்கினேன். துடுப்பு கனத்தது. தூக்கினால் சோப்பு நூல் பிடித்து இறங்கியது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் ஏமாத்துக்காரி இல்லை, உங்க அளவிலும் தப்பில்லை, கை மாறிப்போச்சு, அவ்வளவுதான்னு ஒரு மூச்சு விட்டேன் பாருங்க, ரெண்டு மாசமா அடைச்சிருந்த மூச்சு.

தண்ணி எண்பது, பசை பதினாறு, உப்பு இரண்டரை, வாசனையும் கலரும் ஒன்றரை. காகிதத்தை வாங்கிய சூப்பர்வைசர் கேனைச் சாய்த்துப் பார்த்து, "அதே சோப்பும்மா" என்றார். இனி எல்லாம் தராசில்தான். நீங்கள் எங்கே இருந்தாலும் எங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களை அங்கே பார்த்தால் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கடிதத்தை ஆணியில் தொங்கும் உங்கள் சட்டைப்பையில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி.

பின்குறிப்பு: மடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்போதெல்லாம் சமையலுக்கும் அந்த மூட்டையிலிருந்துதான் உங்களுக்குத் தெரியாமல் உப்பு அள்ளுவேன். இப்போது எடுப்பதில்லை, ஒருத்தி சாப்பாட்டுக்கு எவ்வளவு உப்பு வேணும்? ஆக, அந்த ஒன்றேகால் கிலோவில் என் அடுப்பும் சேர்ந்திருக்கிறது. சோப்பு என்னவோ சரியாத்தான் வந்திருக்கு. அப்படின்னா, உங்க கைப்பிடி நிஜமா எவ்வளவுங்க?