வடிவின் வாலும் காலிக் கட்டமும்

எதிரியைக் கண்டால்தான் பல்லி வாலை விடும் என்று உலகம் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறது. மிகக் கடுமையான பிழை இது. அலுவலகக் காரியமாகவும் விட்டிருக்கிறது. ஆதாரம் வருமாறு.

ஒரு காட்டில் வடிவு என்றொரு பல்லி இருந்தாள். கணினியில் பெயர் பதிந்தவர்களுக்கு மட்டுமே மழைக்கு நனையாத மரப்பொந்து என்று காட்டு நிர்வாகம் அறிவித்திருந்தது. வடிவுக்கு நீச்சல் தெரியாது. ஆகவே மேகம் கறுத்ததும் அலுவலகத்துக்கு ஓடினாள்.

எழுத்தர் நாரை அலகால் தட்டித் தட்டி அவள் விவரங்களை ஏற்றிச் சேமிக்கப் போனார். ‘இந்தப் பதிவை வேறொருவர் மாற்றிவிட்டார். சேமிக்க இயலாது’ என்றது திரை.

“யாரும்மா அந்த வேறொருவர்? உன் வீட்டுக்காரரா?”

“எனக்குக் கல்யாணமே ஆகலை சார்.”

வரிசையில் பின்னால் நின்ற தவளையை நாரை முறைத்தார்.

“நான் தொடவே இல்லைங்க!” என்று தவளை இரு கைகளையும் தூக்கியது.

அதை வெளியே அனுப்பிவிட்டு அழுத்தினார். அதே பதில். பிறகு தன்மேலேயே சந்தேகம் வந்து, தானும் வெளியே போய்விட்டு வந்து அழுத்தினார். அதே பதில்.

பழுது பார்க்கும் கரடி வந்தார். கணினியை அணைத்துப் போட்டார். மலைக்குகையிலிருக்கும் சர்வருக்குப் போகும் கம்பியை ஆட்டிப் பார்த்தார். கடைசியில், வேறு வழியின்றி, திரையையும் பார்த்தார்.

“‘வால் உண்டா’ங்கிற கட்டம் ஏன் சார் காலியா இருக்கு? காலின்னா சர்வர் ‘தெரியாது’ன்னு வச்சுக்கும். உங்க மேசை மெஷினுக்கு உண்டு, இல்லை ரெண்டுதான் தெரியும். அது ‘இல்லை’ன்னு படிச்சுட்டு, நடுவுல எவனோ கை வச்சுட்டான்னு கத்துது.”

“போன மாசம் அறுந்துது சார். இப்போ பாதி வளர்ந்திருக்கு” என்றாள் வடிவு கூச்சத்தோடு.

“பாதிக்குக் கட்டம் இல்லையேம்மா!” என்றார் நாரை. “சும்மா புள்ளிவிவரத்துக்குத்தான் கேக்கறாங்க. ஏதாவது ஒண்ணு சொல்லு.”

வெளியே இடி இடித்தது. வடிவு கண்ணை மூடிக்கொண்டு வாலை விட்டாள். நாரை ‘இல்லை’ என்று குறித்தார். பதிவு ஏறியது.

அறுந்த வால் விசைப்பலகைமேல் விழுந்து துள்ளியது. புதிய பதிவு ஒன்று திறந்தது, ‘உண்டு’ என்று குறி விழுந்தது, சேமிப்பும் ஆயிற்று. நாரை வாலை மேலும் கீழும் பார்த்தார். முழுக்க வால்தான். ஆட்சேபிக்க வழியில்லை.

மாலையில் ஒதுக்கீடு வெளியானது. வாலில்லாதோர் பிரிவில் தவளைக்கும் வடிவுக்கும் குளம். வாலுள்ளோர் பிரிவில் வாலுக்குப் பொந்து.

மறுநாள் முதல் அடைமழை. பொந்துக்குள் வால் நனையாமல் இருந்தது.

நீதி: அலுவலகத்துக்கு முழு உடம்போடு போங்கள், எந்தப் பாகத்துக்குக் காரியம் முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.