ஓடிப்போகாத லவோன் அண்ணிக்கு ஆறடி இடம்

மட்லிக், டென்னசி.
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான ஐடெல் அம்மாளுக்கு, க்ளீட்டஸின் தம்பி ஹோமர் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் கோழிகளும் தேவகிருபையால் சுகம். டெக்சாஸில் தாங்களும், பல் டாக்டர் மகன் ராய்சும், தங்கள் இடுப்புவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆசை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அக்காவை, என் லவோன் அண்ணியை, காணவில்லை. பதற வேண்டாம், அங்கேதான் வந்திருப்பார் என்று நம்பித்தான் எழுதுகிறேன். வந்திருந்தால் கையோடு அனுப்பிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் டப்பாவில் அடைத்த பயறைத் தின்று உயிர் வாழ்கிறேன்.

எல்லாம் என் அண்ணன் பாடிவைத்த அந்தப் பாட்டால் வந்த வினை. ராய்ஸ் பிறந்தபோது உங்களுக்குப் பிரசவம் பார்க்க அண்ணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டுகிற மழையில் பஸ் ஏறினார் அல்லவா? மூன்றே வாரம். முட்டை பொரிக்கக்கூடத் தெரியாத என் அண்ணன் அந்த மூன்று வாரமும் பசியில் அழுதான், அழுததைப் பாட்டாக்கினான். பெண்டாட்டி மழையில் எவனுடனோ ஓடிவிட்டாள், என் பக்கத்து இடம் செத்த பிறகும் காலி என்று கிடாரைத் தட்டித் தட்டிப் பாடினான். நாஷ்வில்லில் ரெக்கார்டு போட்டவர், "அவ திரும்பி வந்துட்டான்னு வெளியில மூச்சு விடாதே க்ளீட்டஸ். சந்தோஷமா இருக்கிறவன் பாட்டை எவன் காசு குடுத்துக் கேப்பான்?" என்று சொல்லிவிட்டார். நாடே அழுதது. அண்ணி அடுப்படியில் சோளரொட்டி சுட்டுக்கொண்டே, தான் ஓடிப்போன கதையை ரேடியோவில் கேட்டார். நாற்பது வருஷம். "உப்பு போதுமா பாரு ஹோமர்" என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன குளிர்காலத்தில் அண்ணன் போய்ச் சேர்ந்ததும் ஊர் வழக்கப்படி இருவருக்கும் சேர்த்து ஜோடிக் கல்லறைக் கல் நட்டோம். இடது பக்கம் அவன் பெயர். வலது பக்கம் அண்ணியின் பெயர், பிறந்த வருஷம், பிறகு ஒரு கோடு, மிச்சம் காலி. அங்கே பிடித்தது சனி. "ஓடிப்போனவளுக்கு அவர் பக்கத்திலே இடமா?" என்று ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். க்ளீட்டஸ் நினைவுக் குழுத் தலைவர் டுவைட் ஸ்டாலிங்ஸ், விடுதி வைத்திருக்கிறாரே அவர்தான், அண்ணியின் பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டு, "என்றும் காலி" என்று பலகை வைக்கப்போவதாக அறிவித்துவிட்டார். பலகை எழுதியே ஆயிற்று. பெயின்ட் காய்கிறது.

கல்லறைகளுக்குப் பூ வைக்கும் அலங்கார ஞாயிற்றுக்காக அண்ணி முட்டி போட்டுப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு ரசிகை அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் பிடுங்கினார்.

"நீங்களாவது வந்து சுத்தம் பண்றீங்களே! அந்த ஓடுகாலி ஒரு நாளாவது எட்டிப் பாத்திருப்பாளா?"

"பாத்திருக்க மாட்டா" என்றார் அண்ணி.

"சமைக்கக்கூடத் தெரியாதாமே?"

அண்ணியின் முகம் சிவந்துவிட்டது. "அதை யாரு சொன்னது?"

சர்ச் கூடத்தில் குழு கூடியது. நான் எழுந்து, "திரும்பி வந்தாங்க, நான் சாட்சி, வந்த அன்னிக்கே ரொட்டி சாப்பிட்டேன்" என்றேன். டுவைட், "நீ பேஸ் கிடார் வாசிச்சவன்தானே? அப்பவே உன் சத்தம் யாருக்கும் கேக்கலை. உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். அப்போது அண்ணி எழுந்தார்.

"பாட்டை நீங்களே வச்சுக்குங்க. அவரு பக்கத்துல படுக்க எனக்கு ஆறடி போதும். நீங்க எல்லாம் அந்த ஆளு பாட்டைத்தான் கேட்டிருக்கீங்க. நாப்பது வருஷம் குறட்டையைக் கேட்டவ நான்."

கடைசியில் போதகர்தான் சமரசம் சொன்னார்: "சகோதரி, எல்லார் முன்னாலயும் ஒரே ஒரு தடவை மழையில பெட்டியோட ஓடிப்போயிடுங்க. ஜனங்க ஆசைதீர அழுதுட்டு மன்னிச்சிருவாங்க. பேரு கல்லுல இருக்கட்டும்." டுவைட்டும் சம்மதித்தார்.

ஞாயிறு மத்தியானம் கல்லறைத் தோட்டத்தில் விரிப்பு விரித்து, பொரித்த கோழியும் வெண்டைக்காய் வறுவலும் சாப்பிட்டு முடித்தோம். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. தீயணைப்பு வண்டியை வரவழைத்து மழை பெய்வித்தார்கள். முதல் பீய்ச்சலில் டுவைட்டின் விலைகொடுத்து வாங்கிய தலைமுடி பறந்துபோய் உருளைக்கிழங்குக் கூட்டில் விழுந்தது. அண்ணி பெட்டியோடு நடந்தார். ஜனங்கள் கதறினார்கள். ஒஹாயோ அம்மாள் "போடி, போ!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் அண்ணிக்குக் குடை பிடித்தார். அண்ணி பஸ் ஏறினார்; வளைவு தாண்டி பெட்ரோல் பங்கில் அவரை இறக்கிவிடுவதாகப் பேச்சு. நான் லாரியில் முந்திப் போய் அங்கே காத்திருந்தேன். பஸ் நிற்கவில்லை. ஜன்னலில் அண்ணி என்னைப் பார்த்தார், கை அசைக்கக்கூட இல்லை.

இப்போது டுவைட், "போனவ நெசமாவே போயிட்டா. சனிக்கிழமை கல்லுக்காரன் வர்றான், பேரைத் தேய்ச்சிருவான்" என்கிறார். ஐடெல் அம்மா, உண்மையைச் சொல்கிறேன், அவங்க இல்லாத வீடு வீடா இல்லை. அண்ணன் பாட்டுல ஒரு வரிகூட இப்ப எனக்குப் பொய்யாத் தெரியலை. நேத்து நானே ஒரு பாட்டு எழுத உக்காந்தேன். பயறைப் பத்தித்தான் வந்துச்சு. தயவுசெஞ்சு அக்காவைக் கூட்டிக்கிட்டு ராய்சோட உடனே கிளம்பி வாங்க. அவங்க எவனுக்காகப் போனாங்களோ அந்த வழுக்கைத்தலைப் பையனை இந்த ஊரு கண்ணால பாக்கட்டும்.

கர்த்தர் தங்கள் இடுப்பையும், ராய்ஸிடம் வருகிறவர்களின் பற்களையும் காப்பாராக.

தங்கள் ஊழியன்,
ஹோமர் ப்ரூவிட்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கதவு திறந்தது. அண்ணி. அதே பெட்டி. "அடுப்பை யாரு இப்படி ஆக்கிவச்சது?" என்றார். டெக்சாஸ் பக்கமே போகவில்லையாம். டுவைட் சொல்லிவைத்திருந்த அதே கல்லுக்காரன் வீட்டில் இத்தனை நாளும் தங்கி, சோளரொட்டி சுட்டுப்போட்டே அவனை வழிக்குக் கொண்டுவந்து, இன்று காலையில் கல்லறைக்கே கூட்டிவந்துவிட்டார். இப்போது அண்ணியின் பெயருக்குக் கீழே, யாராலும் தேய்க்க முடியாத ஆழத்தில் வெட்டியிருக்கிறது: "தங்கை பிரசவத்துக்குப் போனேன். திரும்பி வந்தேன்." நானும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்: ஒஹாயோ அம்மாள் கல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறார், அவருக்குப் பின்னால் ஒரு பஸ் ஜனம் வரிசையில் நிற்கிறது. டுவைட் ஓடிப்போய்ப் பலகையில் "என்றும் காலி" என்பதை அழித்துவிட்டு, "விரைவில்" என்று எழுதிவிட்டார். "அவசரமில்லைன்னு அந்த ஆளுகிட்ட சொல்லு" என்கிறார் அண்ணி. ஆகவே மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம், வரவும் வேண்டாம். ரொட்டி ஆறுகிறது.