மாமனார் உட்கார்ந்த பக்கம்

நெல்லிவாசல்நாடு

சௌபாக்கியவதி தேவயானிக்கு மாமனார் பஞ்சாட்சரம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தையும் பசுமாடும் நலம். மோகனும் நலம்தான், என்னோடு பேச்சுதான் இல்லை. பிரிந்து இருக்கிற பெண்ணுக்கு 'சௌபாக்கியவதி' போடலாமா என்று பேனாவும் கையுமாக முழித்து, கடைசியில் வக்கீலுக்கே போன் போட்டுவிட்டேன். "தனித்தனியா இருந்தா அது விவாகரத்து ஆயிடாதுங்க. தீர்ப்பு வர்ற வரிக்கும் தாராளமா போடுங்க" என்றார். ஆகவே சட்டப்படிதான் போட்டிருக்கிறேன்.

அன்று கோர்ட்டு சமரச மையத்தில் நான் அடித்த கூத்துக்கு மன்னிக்க வேண்டும். மலையிலிருந்து இறங்க ஒரே ஜீப். மனு போட்ட நீயும் எதிர்மனுதாரரின் அப்பனான நானும் அதில்தான் ஏறியாக வேண்டும். ஒடுகத்தூர் வரை பேத்தி அபிநயாவை மடியில் வைத்துக்கொண்டு உன் பக்கத்திலேயே வந்தேன், பஸ்ஸிலும் அப்படியே. அந்தப் பழக்கத்தில், கண்ணாடி வேறு போடாததால் 'மனுதாரர்' என்று ஒட்டியிருந்தது தெரியாமல், உன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சமரசம் பேச உட்கார்ந்திருந்த மேடம் "பொண்ணோட அப்பாங்களா?" என்று கேட்க, "ஆமாங்க" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன வாய் சும்மா இருந்ததா? "எம்பொண்ணு கொண்டாந்த நகை, பீரோ எல்லாம் அதுக்குத்தானங்க சொந்தம்?" என்றேன். அவங்களுக்குத்தான் என்றார் மேடம். "தனியா இருந்தாலும் பொண்டாட்டி புள்ள சோத்துக்கு, படிப்புக்குப் புருசன் குடுக்கணும் இல்லீங்களா?" என்று மேசையைத் தட்டினேன். அப்போதுதான் மோகன் பைக் சாவியோடு உள்ளே வந்தான். "மேடம், அது எங்கப்பா! யப்பா, அங்க இன்னா பண்ற நீ?" என்று அவன் கத்த, அறையே சிரித்தது.

மேடம் அந்தப் பக்கம் போகச் சொன்னதும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தேன். நீதான், "குந்தட்டும் மேடம், அவரு எங்க மாமா" என்றாய். அதற்கே உனக்குக் கோடி புண்ணியம். பேத்தியைப் பார்க்கத் தாத்தாவுக்கு ஏதாவது செக்‌ஷன் உண்டா என்று நான் இழுத்தபோது, "செக்‌ஷன் எதுக்கு மாமா? ஞாயித்துக்கெழம நானே கூட்டினு வந்து வுடறேன்" என்றாயே, அதைக் கேட்டபிறகுதான் மோகனும் தலையைக் குனிந்துகொண்டு, மாதாமாதம் தருவதாகக் கையெழுத்துப் போட்டான். உன் பீரோவை ஜீப் மேலே கட்டி அனுப்பியிருக்கிறேன். கதவு கொஞ்சம் நசுங்கியிருக்கும், குற்றவாளி நானே.

நீயும் குழந்தையும் மழை கண்ட சாமைக் கொல்லைபோல் குறையில்லாமல் இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பஞ்சாட்சரம்

பி.கு.: கண்ணாடி போடவில்லை என்று எழுதியது பொய். வாசலிலேயே போட்டு, எந்தப் பக்கம் யாருக்கு என்று படித்துவிட்டு, கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். இதை மட்டும் அங்கே வாய்விட்டுச் சொல்லவில்லை அம்மா.