பன்னிரண்டாம் பக்கத்துக் கொலையாளி

பன்னிரண்டாம் பக்கத்தில் எக்ஸ்ரே அக்காவுக்கு வயிறு எரிந்தது. தோட்டக்காரன் கதைக்குள் அப்போதுதான் நுழைகிறான். அதற்குள் ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: 'கொலையாளி இவன்தான்.'

நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் ஊரார் எலும்பைப் பார்த்துவிட்டு வருகிறவள். புத்தகக் கடை நடத்தும் ஓர் அம்மாள் கல்லாவில் உட்கார்ந்தபடியே துப்பறியும் கதை, பாகத்துக்கு ஒரு கொலை என்று பத்துப் பாகமாக நூலகத்தில் இருப்பதை அன்றுதான் கண்டுபிடித்திருந்தாள். புதையல் கிடைத்த சந்தோஷம் பன்னிரண்டு பக்கத்தோடு சரி.

"ஒண்ணு போனா போகட்டும். மிச்சம் ஒன்பது இருக்கே" என்றார் கணவர்.

மறுநாள் நூலகத்தில் ஒன்பதையும் புரட்டினாள். ஒன்பதிலும் ஒரு பெயர், ஒரு பென்சில் குறிப்பு, அதே கையெழுத்து. 'ளி' எழுத்தின் மேல்வளைவு மட்டும் பூனை வால் மாதிரி சுருண்டிருந்தது.

கதையில் வரும் அந்த அம்மாளாக இருந்தால் சும்மா விடுவாளா? பன்னிரண்டு பக்கம் படித்த தைரியத்தில் இவளும் களத்தில் இறங்கினாள். பதிவேட்டைப் பார்த்தாள். பத்தையும் எடுத்துப் போனவர்கள் இரண்டே பேர். ஒன்று, அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார். இன்னொன்று, இவளுடைய ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர்.

முதலில் நாத்தனார், கணவரின் அக்கா.

"அண்ணி, எனக்குக் கை வலி. ஒரு பட்டியல் எழுதித் தாங்களேன். தக்காளி, பப்பாளி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ரெண்டு சாமானுக்குப் பட்டியலா?"

"மறந்துடுவேன் அண்ணி."

நாத்தனாரின் 'ளி' இரண்டும் சமர்த்தாக இருந்தன. சுருளே இல்லை. ஆனால் இரண்டு வார்த்தை எழுத முடியாத அளவுக்குக் கை வலி என்றால் சும்மாவா? மறுநாள் காலையில் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள்.

"கை சரியாகற வரைக்கும் சமையல், துணி எல்லாம் என் பொறுப்பு. நீ கரண்டியைத் தொடக்கூடாது. கெளம்பு, டாக்டர்கிட்ட போலாம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டு எக்ஸ்ரே அக்கா எலும்பு டாக்டரின் முன்னால் உட்கார்ந்தாள்.

"டாக்டர், சீட்டுல என் பேருக்கு முன்னாடி 'நோயாளி'ன்னு தமிழ்ல எழுதுங்களேன்."

டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எதுக்கு?"

"ஒரு ஆசைதான்."

எழுதினார். நசுங்கிய எறும்பு மாதிரி இருந்தது. அதில் வளைவு எது, சுருள் எது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"வலி கையில மட்டும்தானா?" என்று நாத்தனாரிடம் தணிந்த குரலில் கேட்டார் டாக்டர். "எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்."

எடுக்க வேண்டியவளே எக்ஸ்ரே அக்காதான். அதைச் சொன்னதும் டாக்டர் யோசித்து, முன்னெச்சரிக்கையாக வலது கையில் முழங்கை வரை கட்டுப் போட்டு, ஒரு வாரம் லீவும் கொடுத்து அனுப்பினார்.

கட்டுப் போட்ட கை, வீட்டில் நாத்தனார், கரண்டியைத் தொடத் தடை. ஒரு வாரம் முழுக்க ஓய்வு, படிக்க மட்டும் ஒன்றும் இல்லை. ஆற்றாமை தாங்காமல் நூலகத்துக்குப் போய் நேராகப் புகார் கொடுத்துவிட்டாள்.

நூலகர் பயந்த சுபாவம். குறிப்புகளைப் பார்த்ததும் பத்துப் பாகத்தையும் வாரி பீரோவில் வைத்தார்.

"விசாரணை முடியற வரைக்கும் இதை யாருக்கும் தர முடியாதும்மா."

"ஐயோ சார், நான் அதைச் சொல்லல."

"பூட்டாதீங்க சார்" என்றது ஒரு குரல். பின்னறையில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை ஒட்டும் பைண்டர், கையில் பசையோடு வாசலில் நின்றிருந்தார். ஒட்டுவதற்கு வருகிற புத்தகத்தைப் படித்துவிட்டு ஒட்டுகிறவர். அவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கப்போகிறது?

"எழுதினது நான்தான்."

எக்ஸ்ரே அக்காவுக்குக் கட்டுக்குள்ளேயே கை துடித்தது. "பத்துக் கதையையும் பாழாக்கிட்டீங்களே. ஒண்ணையாவது நிம்மதியா படிக்க விட்டீங்களா?"

பைண்டர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீங்க ஒண்ணைக்கூட முடிக்கலையாம்மா? அந்தக் கதையில கொலையாளி யாருன்னு பாதியிலேயே தெரிஞ்சுபோகுதேன்னு, படிக்கிறவங்க கொஞ்சம் தடுமாறட்டும்னு, பத்துலயும் கொலையே செய்யாத ஆளைத்தானே காட்டி வச்சிருக்கேன்."