மேகத்தில் சொந்தக்காரர் இல்லை

இந்த முறை தோற்பதில்லை என்று விபூதிப் புதனன்று முடிவெடுத்தேன். நெற்றியில் பூசிய சாம்பல் உதிர முதலே என் மனைவி லூர்த்தம்மா சவால் விட்டுவிட்டாள்.

"இஞ்சருங்கோ, தபசுகாலம் நாப்பது நாளும் நான் இறைச்சியை விடுறன். நீங்கள் புத்தகத்தை விடுங்கோ பாப்பம்."

"விட்டால்?"

"உந்தப் புத்தக அலுமாரி உதிலையே நிக்கும். உயிர்த்த ஞாயிறுக்கு முதல் ஒரு புத்தகம் வாசிச்சியளோ, அலுமாரி வெளியிலை, டீப் பிறீசர் உள்ளுக்கை. விக்காத மீனை நான் எங்கை வைக்கிறது? உங்கடை தலையிலையோ?"

நான் குருநகரில் ஓர் ஐஸ் தொழிற்சாலைக்கு இரவுக் காவல்காரன். இரவெல்லாம் ஐஸுக்குக் காவல். பகலில் நித்திரை கொள்ளும் அறையிலும் ஐஸா? பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் கைவிட்டது. மிச்சத்தை அந்த அலுமாரிதான் சொல்லித்தந்தது. அதுவும் போனால் நான் வெறும் காவல்காரன்.

"சரி" என்றேன். வீரமாகத்தான்.

ஒரு கிழமை தாங்கவில்லை. மாப் பைக்கற்றை இரண்டு பக்கமும் வாசித்தேன். சிங்களம் தெரியாது. அந்தப் பக்கத்தையும் வாசித்தேன்.

களவாக வாசிக்க வழி தேடினேன். நூலகம்? அங்கே இருப்பது லூர்த்தம்மாவின் மச்சாள். புத்தகக்கடை? அவளின் சித்தப்பா மகன். ஒன்லைனில் வாங்கலாமென்றால், பார்சல் கொண்டுவரும் பிரகாஸுக்கு ஞானத்தாயே இவள்தான். ஒழுங்கை முகப்பிலிருந்தே கூவிக்கொண்டு வருவான்.

அப்போதுதான் கிளவுட் நினைவுக்கு வந்தது. நத்தார்ப் பண்டிகைக்குப் புதுப் போன் வாங்கி, பழையதைப் பெரிய மனதோடு அவளுக்குக் கொடுத்திருந்தேன். புதுப் போனிலேயே புத்தகம் வாங்கலாம். கடை இல்லை, கடதாசி இல்லை, பார்சல் இல்லை. புத்தகம் மேகத்தில் இருக்கும், தொட்டால் இறங்கிவரும். முக்கியமாக, மேகத்தில் லூர்த்தம்மாவுக்குச் சொந்தக்காரர் இல்லை.

துப்பறியும் கதைகளாக வாங்கித் தள்ளினேன். அவள் மீன் விற்கச் சந்தைக்குப் போக, நான் போர்வைக்குள் போவேன்.

மேகம் என்ன கெட்டித்தனம்! நான் ஒரு பக்கத்தில் மூடினால், திறக்கும்போது இரண்டு அத்தியாயம் தள்ளி நிற்கும். நித்திரையிலும் வாசிக்கிறேன் போல என்று பெருமைப்பட்டேன். சில வரிகளில் மஞ்சள் பூசியிருக்கும். நல்ல வரிகளை மேகமே பொறுக்கித் தருகிறதாக்கும் என்று நினைத்தேன். 'பொய் சொல்லுகிற புருஷனுக்கு முதலில் காதுதான் சிவக்கும்' என்ற வரி முழுக்க மஞ்சள். எழும்பிப்போய்க் கண்ணாடி பார்த்தேன்.

பெரிய வெள்ளியிலிருந்து தொடவில்லை. மனச்சாட்சி. அதனால் டாக்குத்தர் கொலையுண்ட கதையில் கடைசி அத்தியாயம் மிஞ்சிப்போனது.

உயிர்த்த ஞாயிறு. பூசை முடிந்து வந்து, அலுமாரிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"லூர்த்தம்மா, நான் வெண்டிட்டன்."

"ஓம் ஓம். அந்த டாக்குத்தரை ஆர் கொலை செய்தது எண்டுதான் இன்னும் தெரியாது, என்ன?"

காது சுட்டது. "எந்த... டாக்குத்தர்?"

பழைய போனை நீட்டினாள். அதில் என் பெயர், என் கணக்கு, என் புத்தகம் எல்லாம் வரிசையாக.

"நீங்கள் வாங்க வாங்க இதுக்கையும் வந்து விழுந்துது. சந்தையிலை ஆக்கள் வராத நேரம் வாசிச்சன். மஞ்சளும் நான்தான் பூசினனான்."

"அப்ப நீயும் வாசிச்சனி! பந்தயம் செல்லாது!"

"நான் விட்டது இறைச்சியை. புத்தகத்தை விட்டது நீங்களெல்லோ."

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "போனிலை கிடக்கிறது புத்தகமே? அட்டை எங்கை? கடதாசி எங்கை? உது கணக்கிலை வராது!"

லூர்த்தம்மா யோசித்தாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"ஞாயம்தான். கடதாசி இல்லாமலே இவ்வளவு நாளும் சந்தோசமாய் இருந்திட்டியள். பிறகு உங்களுக்கு என்னத்துக்கு அலுமாரி?"

நான் புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினேன்.

திங்கட்கிழமை அலுமாரி விறாந்தைக்குப் போனது. பிறீசரை அவள் ஒன்லைனில் எப்போதோ சொல்லிவைத்திருந்தாள். கொண்டுவந்து இறக்கியவன் பிரகாஸ்.

அது தலைமாட்டில் உறும, நான் போர்வைக்குள் புகுந்து கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். கொலைகாரனை நானாகவே பிடித்தாவது கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றுவோம்.

மீனை அடுக்கிக்கொண்டே, திரும்பிக்கூடப் பாராமல் சொன்னாள்:

"பெண்சாதிதான்."